வேட்டு இல்லாத கொடை

எங்கள் பேரூராட்சியில் தீர்மானம் நிறைவேறும் வேகத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். எழுத்தர் ஒரு பொருளைப் படிப்பார். தலைவர் "சரி, அடுத்து" என்பார். நாங்கள் மேஜையைத் தட்டுவோம். அவ்வளவுதான். பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் உறுதிமொழியும் ஒரு நாள் அப்படித்தான் வந்தது, பிளீச்சிங் பவுடர் வாங்குவதற்கும் குப்பை வண்டிக்கு டயர் மாற்றுவதற்கும் நடுவில். நீர்நிலைகளைக் காப்போம், மரங்களை வளர்ப்போம், அழிந்த இயற்கையை மீட்போம் என்று வாசகம்கூட மேலே இருந்தே வந்திருந்தது.

"நல்ல விஷயம்தான். நிறைவேத்திட்டு டீயைக் குடிப்போம்" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தவள் நான். வீட்டுக்காரர் பேசுவார், இந்தம்மா கையெழுத்துப் போடும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது முதல் கூட்டத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, இதுல நம்ம குளத்தைப் பத்தி ஒரு வரி சேக்கணும்."

"சேத்துட்டாப் போச்சு. என்ன வரி?"

"நாரை குஞ்சு பொரிச்சு இருக்குத மாசத்துல குளத்தைச் சுத்தி யாரும் வேட்டு போடக் கூடாதுன்னு."

டீத் தட்டோடு வந்தவர்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். எந்த வேட்டைச் சொல்கிறேன் என்று அங்கே எல்லோருக்கும் புரிந்தது. குளத்துக் கரையின் அடியில்தான் எங்கள் அம்மன் கோயில். பங்குனிக் கடைசிச் செவ்வாய் கொடை, அதாவது எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. மதியக் கொடைக்குத் தீர்த்தம் எடுக்கக் குளத்துக்குப் போவோம். குடம் தண்ணீரில் முங்கும் நேரத்தில் கரை நெடுக அதிர்வேட்டு போடுவது வழக்கம். அந்தக் கோயில் கமிட்டிக்குத் தலைவர் யார் என்றால், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இதே பேரூராட்சித் தலைவர். அந்தக் குடத்தை எடுக்கிற கோமரத்தாடி, அதாவது அம்மன் அருள் இறங்கி ஆடுகிறவர், என் வீட்டுக்காரர்.

"மைனி, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றார் தலைவர்.

"வீட்டுல கேட்டுத்தான் தீர்மானம் போடணும்னா இந்த ஆபீஸ் எதுக்கு அண்ணாச்சி?"

யாரோ சிரித்தார்கள். பறவைக்கு எதிராக வாயைத் திறந்தவர் என்று பேர் வாங்க ஒருவருக்கும் மனமில்லை. வரி சேர்ந்தது, மேஜை தட்டினார்கள், டீ வந்தது.

எனக்குப் பறவைகளைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. நான் பிளவுஸ் தைக்கிறவள். என் தையல் மிஷின் பின்பக்க ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னல் குளத்தைப் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. குளத்து நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். கார்த்திகை மழையில் குளம் பெருகியதும் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து இறங்கும். தை, மாசியில் குஞ்சுகள் தலை நீட்டும். பங்குனி வெயில் ஏறியதும் தாய் நாரை ஒரு காரியம் செய்யும். கூட்டின் மேல் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் அகல விரித்துக்கொள்ளும். குஞ்சுகள் அந்த நிழலில் கிடக்கும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பித் திரும்பி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ பேருக்குப் பிளவுஸ் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன்.

முந்தின வருஷக் கொடையில் வேட்டு போட்டதும் அத்தனையும் ஒரே எழும்பலில் எழும்பிப் போயின. பொழுது சாயும்வரை இறங்கவில்லை. வேட்டுச் சத்தத்தில் தவறித் தண்ணீரில் விழுந்த குஞ்சுகள் கொஞ்சம். கூட்டிலேயே கிடந்து வெயிலில் வெந்தவை மிச்சம். காக்கைகள் வந்தன. அந்த வாரம் முழுக்கக் குளம் நாறியது. ஜனங்கள் என்னிடம் வந்து, கவுன்சிலரம்மா, நாத்தம் தாங்கல, பவுடர் போடச் சொல்லுங்க என்றார்கள். போடச் சொன்னேன். வெள்ளைப் பவுடரைக் கரையில் தூவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அடுத்த கார்த்திகையில் நாரைகள் வந்தன, ஆனால் பாதி மரம் காலி. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மிச்சமும் வராது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

தீர்மானத்தன்று வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், செருப்பை ஜோடி சேர்த்து நேராக வைப்பார். அன்றைக்கு வாசலில் எல்லாச் செருப்பும் அணிவகுத்து நின்றது.

"ஏட்டி, வேட்டு இல்லாம அம்மைக்குக் கொடை உண்டா?"

"அம்மைக்குக் காது கேக்காதா? வேட்டு போட்டுத்தான் எழுப்பணுமா?"

"கிண்டல் பண்ணாத. நேந்துக்கிட்டுப் போடுதாவ. புள்ளை பொறந்தா வேட்டு, வேலை கெடைச்சா வேட்டு. நீ ஒரு தீர்மானத்தப் போட்டு நிறுத்திருவியோ?"

"குஞ்சு வெயில்ல வேவுது. ஒரு தடவை இந்த ஜன்னல்ல நின்னு பாருங்க."

"எனக்கு வேற சோலி இல்ல பாரு" என்றார். ஜன்னல் பக்கம் வரவில்லை.

கமிட்டியில் பெரிய சண்டை வரும் என்று நான் வரிந்துகட்டிக் காத்திருந்தேன். வரவில்லை. தலைவர் கூட்டத்தைக் கூட்டினார், இந்த வருஷம் வேட்டு கிடையாது, ஊருக்கே முன்மாதிரியாகச் செய்வோம் என்றார், எல்லோரும் சரி என்றார்கள். குளக்கரையில் பேரூராட்சி செலவில் ஒரு பெரிய போர்டு வைத்தார்கள்: பறவைகளைக் காப்போம், வேட்டு தவிர்ப்போம். எங்கள் செயல் அலுவலர் அதைப் பல கோணத்தில் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார். இவ்வளவு சுலபமாக நடந்த எதையும் எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

காப்புக் கட்டியதும் கோமரத்தாடி கோயிலிலேயே தங்க வேண்டும். துணியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரர் வழக்கத்துக்கு விரோதமாகச் சிரித்தார்.

"இந்த வருசம் ஒனக்குப் புடிச்ச மாதிரி நடக்கும், பாரு" என்றார்.

அந்த வருஷம் வெயில் மாசியிலேயே கொளுத்த ஆரம்பித்திருந்தது. பங்குனியில் குற்றாலத்துப் பக்கம் மலை, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் இறங்கி, மரங்களைச் சுற்றியும் கரையோரப் பள்ளத்திலும் மட்டும் நின்றது. கொடையன்று காலையில் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு நாரை சிறகு விரித்து நின்றது. இந்த வருஷம் பிழைத்துக்கொள்வீர்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. புளியரை வழியாக வந்த கேரள வண்டி. கதவு திறந்ததும் வெள்ளை வேட்டி, கரை வைத்த மேல்துண்டு, தோளில் செண்டையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் தாளத்தோடு இறங்கியது, அதற்கும் பின்னால் கொம்பு ஊதுகிறவர்கள். ஊரே வாயைப் பிளந்து நின்றது.

தலைவர் பட்டுத் துண்டோடு என் பக்கத்தில் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பாத்தியளா மைனி! வேட்டுக்கு வச்சிருந்த ரூவாய அப்படியே செண்டை மேளத்துக்குத் திருப்பியாச்சு. புகை இல்ல, குப்பை இல்ல. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு ஊரே கமுக்கமா இருந்துச்சு. ஒங்க வீட்டுக்காரர் யோசனைதான்!"

"எங்க வச்சு அடிப்பாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கோயில்லயா?"

"கோயில்ல எடம் ஏது? குளக்கரையிலதான். ஆபீஸ் சார்தான் போர்டு முன்னால நிக்க வச்சு போட்டோ எடுக்கணும்னாரு."

அவர்கள் ஒருவரும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது. கெடுதல் நினைத்திருந்தால் சண்டை போட எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அந்தச் சத்தத்துக்கும் பறவை ஓடிரும். வேட்டும் ஒண்ணுதான் இதுவும் ஒண்ணுதான். கோயில் வாசல்ல, தெருவுல எங்கன வேணாலும் அடிக்கட்டும். கரையில மட்டும் வேண்டாம்."

அவர் சிரிப்பு போய்விட்டது. "வேட்டு வேண்டாம்னிய, விட்டோம். இப்பம் மேளமும் வேண்டாம்னா அம்மன் என்ன ஊமையா? ஊர்ச் சனம் ஏறி மிதிச்சிரும் மைனி. பேசாம இருங்க."

செயல் அலுவலரிடம் ஓடினேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தீர்மானத்துல வேட்டு மட்டும்தானே மேடம் இருக்கு" என்றார் பணிவாக.

வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால் விரதத்தில் இருக்கிறவரிடம் நான் நெருங்கிப் பேச முடியாது. யார் மூலமாவது சொல்லி அனுப்பும் முன்பே ஊர்வலம் கிளம்பிவிட்டது. மஞ்சள் பூசிய உடம்பும் சிவப்புக் கச்சையுமாகக் கையில் பிரம்போடு அவர் முன்னால் நடந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கரைமேல் ஓடினேன்.

செண்டை முதலில் மெல்லத்தான் தொடங்கியது. கூடுகளின் மேல் கழுத்துகள் நீண்டன. ஒன்றும் பறக்கவில்லை. தாங்கிக்கொள்ளும் போலிருக்கிறது என்று ஒரு நப்பாசை வந்தது. அப்போது மொத்தச் செண்டையும் ஒன்றாக இறங்கியது. கரை என் காலடியில் அதிர்ந்தது. மரங்கள் மேல் இருந்த வெள்ளை முழுவதும் எழும்பியது. எங்கள் எல்லோர் மேலும் நிழல் ஓடியது.

ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் கூடுகளைப் பார்த்தேன். பஞ்சு போர்த்திய குஞ்சுகள், உச்சி வெயிலில், மறைப்பு ஏதும் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பனைமரத்தில் இருந்து முதல் காக்கை கிளம்பியது.

"நிறுத்தச் சொல்லுங்க!" என்று தலைவரிடம் கத்தினேன். அவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தார். செயல் அலுவலர் என்னிடம் கையை ஆட்டி, "தள்ளி நில்லுங்க மேடம், போர்டு மறைக்குது" என்றார். நான் மேளத்து ஆசான் முன்னால் போய்க் கும்பிட்டு மரத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. கை ஓயவில்லை.

"சாமி வராம நிறுத்த மாட்டோம் சேச்சி" என்றார், என் பக்கம் குனிந்து. "அது பெரிய தோஷமாக்கும்."

அப்படியானால் ஒரே வழிதான். அருள் வர வேண்டும். கோமரத்தாடி ஆடினால் மேளம் அடங்கும், குடம் நிறையும், ஊர்வலம் திரும்பும். என் வீட்டுக்காரருக்கு அருள் வர நேரம் ஆகாது. தண்ணீரில் கால் வைத்ததும் முதுகு வெட்டும். ஊரில் அதற்காகவே அவருக்கு மரியாதை. நான் கரையில் நின்று, ஆயுளில் அதுவரை வேண்டாத மாதிரி வேண்டினேன். தாயே, சீக்கிரம் வா. வந்து இவர்களைக் கூட்டிக்கொண்டு போ.

அவர் முழங்கால் தண்ணீரில் குடத்தோடு நின்றார். வரவில்லை.

வரவில்லை என்றதும் செண்டைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். குலவை ஏறியது. கொம்புகள் சேர்ந்துகொண்டன. அவர் ஆடவில்லை. இன்னும் கூட்டினார்கள். சத்தம் ஏற ஏற நாரைகள் மேலே மேலே போயின. ஒரு குஞ்சு கூட்டின் ஓரத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்தது. ஓரத்து மரத்தில் காக்கைகள் இறங்கிவிட்டன. நடித்தாவது ஆடிவிடுங்களேன் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மேளத்தையும் குடத்தையும் அவர் பார்க்கவே இல்லை. அந்த ஓரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ தடவை கூப்பிட்டும் என் ஜன்னலுக்கு வராதவர்.

அவர் கரையேறினார். ஆசானின் செண்டைமேல் பிரம்பைக் குறுக்கே வைத்தார். ஒவ்வொரு செண்டையாக நின்றது. கொம்பு ஒன்று தனியாகக் கொஞ்சம் ஊதி ஓய்ந்தது.

"போதும்லே" என்றார். அது சாமி குரல் இல்லை. வீட்டில் தண்ணி கொண்டா என்று சொல்லும் குரல். "எனக்கு அருள் வரல. அடிக்காதிய. நான் தீர்த்தத்தை எடுத்துட்டுப் போறேன். சத்தம் போடாம வாங்க."

அப்படி ஒரு வார்த்தையை எந்தக் கோமரத்தாடியும் ஊர் நடுவில் சொன்னதில்லை. ஒரு கிழவி ஐயோ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தலைவர் முகம் வெளிறிப்போயிற்று. என் வீட்டுக்காரர் ஒருவரையும் பார்க்காமல் திரும்பத் தண்ணீரில் இறங்கி, குடத்தை முக்கி, தலையில் வைத்து நடந்தார். ஜனங்கள் பயந்துபோய்ப் பின்னால் நடந்தார்கள். நான் அசையவில்லை. கடைசி ஆள் கரை இறங்கி வெகுநேரம் கழித்து முதல் நாரை கூட்டில் இறங்கிச் சிறகை விரித்தது. பிறகு இன்னொன்று. ஓரத்து மரத்தில் இறங்கிய நாரை, கூட்டுக்குள் பார்த்துவிட்டு, சிறகை மடக்கியபடியே நின்றது.

மற்ற மரங்கள் பிழைத்தன. மதியக் கொடையில் கோமரம் ஆடவில்லை. சாமக் கொடையிலும் ஆடவில்லை. "அவ வாய்தான் அம்மையை அடைச்சிட்டு" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு வழக்கமாகத் துணி கொடுப்பவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். காப்பு அவிழ்த்து வீட்டுக்கு வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கண்டபடி கழற்றிப் போட்டுவிட்டு, நேராக ஜன்னலுக்குப் போய் நின்றார்.

"ஏட்டி, அம்மை வந்திருப்பா" என்றார். "முதுகுல குளிர் ஏறுச்சு. அந்நேரம் ஒரு காக்கா நாரைக் குஞ்சைத் தூக்கிச்சு. நான் மேல பாத்துட்டேன். அவ போயிட்டா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கச்சையையும் பிரம்பையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே வைத்தார்.

பேரூராட்சி அலுவலகத்தில் இப்போது ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. போர்டு, அதற்கு முன்னால் செண்டைக்காரர்கள், நடுவில் தலைவர், பின்னால் வானம் முழுக்க நாரைகள். இயற்கையை மீட்ட ஊர் என்று மேலே இருந்து பாராட்டும் வந்தது. பறவைகள் பறப்பது எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று வருகிறவர்களிடம் எல்லாம் செயல் அலுவலர் காட்டுவார். நான் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும்படி என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

இந்த வருஷக் கொடைக்குப் புதுக் கோமரத்தாடி. தலைவரின் அக்கா மகன். செண்டை வந்தது, ஆனால் கரை அடியிலேயே நின்றுவிட்டது. எந்தத் தீர்மானமும் போடவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மனுக்குக் கரையில் சத்தம் ஆகாது, போன தடவை காட்டிவிட்டாள் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. குலவைகூட இல்லாமல், தும்மல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேரும் கரைமேல் நடந்தோம். நாரைகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிறகை விரித்தபடி நின்றன.

என் வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றார். அப்படி அவரைக் கொடையில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஊர்வலம் கரை இறங்கித் தெருவுக்குப் போனதும் செண்டை எழும்பியது. தூரத்தில், மெல்ல. அவர் முதுகு ஒரு வெட்டு வெட்டியது. பல் கிட்டியது. கண் சொருகப் பார்த்தது. அம்மன் கச்சை கட்டியவனைத் தேடிப் போகாமல், கரையில் சட்டையோடு நிற்கிற இவரிடம் வந்துவிட்டாள். இவர் இங்கே ஆடினால் ஊரும் மேளமும் திரும்பக் கரை ஏறிவிடும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். என் விரல்கள் நொறுங்கிவிடும் போல வலித்தது. அவருக்கு உடம்பு அடங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.